எட்டாவது போல்ட்

எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். கீழ்த்தளம் முழுவதும் தூண்கள்; தூண்களுக்கு நடுவே வண்டிகள். ஐந்து கார், ஒன்பது இருசக்கர வண்டி, ஓடாத சைக்கிள் இரண்டு. சென்ற தை மாதம் தரைக்குச் சாம்பல் நிற டைல்ஸ் போட்டோம். புரட்டாசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு பேர் என் காரைச் சுற்றி நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் படியிறங்கி வந்ததும் நிமிர்ந்தார்கள். காருக்கு அடியில் இரண்டு டைல்ஸில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை.

அவர்களில் ஒருவரான எங்கள் குடியிருப்பின் செயலாளருக்கு நாற்பது வயது இருக்கும். இந்த மனை ஒரு காலத்தில் அவர் தகப்பனாரின் நெல் வயல். இப்போது அவருக்கு ஒரகடத்தில் ஒரு கார்த் தொழிற்சாலையில், எஞ்சின் பூட்டும் லைனில் வேலை. என் மேல் மரியாதை உள்ளவர். அன்றைக்கும் மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஆயுத பூஜைக்கு எல்லா வண்டியும் இங்கதான் வச்சிப் படைக்கறோம். அதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணிடுங்க சார்."

என்ன வழி என்று கேட்டேன்.

"குடுத்துடுங்க. பதினாலு வருஷ வண்டி. இன்னும் இன்னாத்துக்கு வச்சிகினு."

"வயசானதையெல்லாம் குடுத்துடணும்னா என்னையும் சேத்துத்தான் குடுக்கணும் தம்பி."

முதல் மாடி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி, "அதுக்கு ஆள் கெடைக்காது," என்றாள். நான்கு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் உண்டு. என் மனைவிக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. படப்பையிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவின் படி, அவளால் கால் தூக்க முடிகிற உயரத்தைவிட ஒரு சாண் அதிகம். அளந்து பார்த்தே சொல்கிறேன். தாம்பரத்து மருத்துவரிடம் போக, காய்கறி வாங்க, கிருத்திகை தவறாமல் வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் இந்தக் கார்தான். எங்கள் மகன் பெங்களூரில் இருக்கிறான். தன்னோடு வந்துவிடச் சொல்லி மூன்று வருடமாக நச்சரிக்கிறான். பதினொன்றாம் மாடி. ஒருமுறை போய்த் தங்கியும் பார்த்தோம். ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்களை எண்ணினேன். இருநூற்றுப் பதினாறு. எண்ணி முடித்தபோது மணி காலை பத்துகூட ஆகவில்லை. அதற்கு மேல் அங்கே எனக்குச் செய்ய ஒன்றுமில்லை.

கடைசியில் அவனும் நானும் ஒன்று பேசி முடித்தோம். கார் ஓடுகிற வரை நாங்கள் இங்கே. கார் போய்விட்டால் பெங்களூர். ஆகவே, காரைக் கொடுத்துவிடுங்கள் என்று செயலாளர் சொன்னபோது, அவருக்கே தெரியாமல் எங்களை வீட்டைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கொடுக்க முடியாது என்று சொன்னேன். கசிவை நிறுத்திக் காட்டுகிறேன், ஆயுத பூஜைக்குள் நிறுத்துகிறேன் என்றும் சொன்னேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். எஞ்சினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? முப்பத்தொரு வருடம் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். பேக்கிங், சீல், வாஷர், போல்ட் என்று எத்தனை வந்தது, எத்தனை போனது என்பதை எந்நேரம் கேட்டாலும் சொல்வேன். அவை எஞ்சினில் எந்த இடத்தில் போய் உட்காருகின்றன என்பதை ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

தெரிந்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. அதுதான் இந்த வட்டாரத்தின் வேடிக்கை. அன்று சுற்றி நின்ற நான்கு பேரும் நான்கு தொழிற்சாலைக்காரர்கள். ஒருவர் இருக்கை பூட்டுகிறவர். ஒருவர் பெயின்ட். மாடியில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலிப் பையன் கியர் பாக்ஸ் லைன். சுங்குவார்சத்திரம் வரைக்கும் உள்ள ஆட்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு முழுக் கார் எழுந்து நிற்கும். ஆனால் தனித்தனியாகக் கேட்டால், கோளாறு எப்போதும் பக்கத்து ஆளின் இடத்தில்தான் இருக்கும். திருநெல்வேலிப் பையன் காருக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸ்ல ஒண்ணும் இல்ல தாத்தா, எஞ்சின்ல இருந்துதான் வருது," என்றான். எஞ்சின்காரரான செயலாளர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, மேலே ஒன்றும் இல்லை, கீழே கியர் பாக்ஸ் சேரும் இடத்தில்தான் என்றார். டேப்பெட் கவரைப் பார்க்கலாமா என்று நான் இழுத்தேன். டேப்பெட் கவர் என்பது எஞ்சின் தலைமேல் இருக்கும் மூடி. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே ரப்பர் பேக்கிங் உண்டு. ஆடி மாதத்தில் அங்கே லேசாக ஈரம் கண்டபோது, புதுப் பேக்கிங் நான் வாங்கி வர, அவர்தான் தன் விடுமுறை நாளில் போட்டுக்கொடுத்தார். காப்பியைத் தவிர வேறெதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

"அது நான் போட்டது சார்," என்றார். "டெய்லி லைன்ல அதுதான் என் வேலை. நான் போட்டது லீக் ஆவாது."

அதற்கு மேல் என்ன பேசுவது? டேப்பெட் கவரை என் கணக்கிலிருந்து தள்ளிவிட்டேன்.

மறுநாள் படப்பை சாலையில் உள்ள மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனேன். அவர் வண்டியைத் தூக்கி, விளக்கைப் பிடித்து, எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் விரலை வைத்து எடுத்தார். விரலில் எண்ணெய். உள்ளே இருக்கும் பெரிய ஆயில் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும், இந்த வண்டிக்கு அவ்வளவு செலவு செய்வது வீண் என்றார். மொத்தம் நாலு நிமிடப் பார்வை. என் மனைவி இதை மகனிடம் போனில் சொல்லிவிட்டாள். அவன் குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் வருத்தத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. பூஜை விடுமுறைக்கு வருகிறேன், வரும்போது வாங்குகிற ஆளையும் பேசி முடித்துவிடலாம் என்றான். நான் போனை வாங்கி, நீ வா, ஆளைக் கூட்டி வராதே என்றேன்.

மெக்கானிக் சொன்னது என் மனத்தில் ஒட்டவே இல்லை. அதற்கு என் பழைய கிடங்குதான் காரணம். ஒரு மழைக்காலத்தில் அடியில் இருந்த பெட்டிகள் நனைந்துகொண்டே இருந்தன. தரையில் ஊற்று என்று முடிவு கட்டி மேலாளர் தரையைக் கொத்தச் சொன்னார். கடைசியில் ஓட்டை கூரையில் இருந்தது. தண்ணீர் இரும்புத் தாங்கியின் முதுகுப் பக்கமாக யாருக்கும் தெரியாமல் இறங்கி, அடிப் பெட்டியில் வந்து நின்றிருந்தது. நனைந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க யாராலும் முடியும். நான்கு நிமிடம் போதும். நனைய ஆரம்பிக்கும் இடம் எது என்பதுதான் கேள்வி.

மெக்கானிக்கிடம் போய் வந்த அன்று மாலையே, வாஷிங் மெஷின் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துக் காருக்கு அடியில் விரித்தேன். காலையில் பதினொரு சொட்டு. வெள்ளைத் துணியில் தொட்டுப் பார்த்தேன். தேன் நிறம், வழவழப்பு. ரேடியேட்டர் தண்ணீர் என்றால் வழுக்காது. கியர் எண்ணெய் என்றால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். இது எஞ்சின் எண்ணெய்தான். பதினொன்றும் ஒரே இடத்தில், கியர் பாக்ஸ் பக்கத்து மூலைக்கு நேர் கீழே. அது வரைக்கும் மெக்கானிக் சொன்னது சரி.

அடுத்தது கழுவுதல். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு டீசல் தோய்த்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழ் வரை தேய்த்தேன். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு. வயரிங் மேல் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறையால் கட்டினேன். என் கைக்கு எட்டாத இடங்களுக்குப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் குச்சியில் கட்டிக்கொண்டேன். இரண்டு நாள் பிடித்தது. நாலு வீட்டுக்காரர்களும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே போனார்கள். இருக்கைக்காரர், கல்யாணத்துக்கா சார் என்று கேட்டார். பொண்ணு பார்க்க வராங்க என்றேன்.

சுத்தமான எஞ்சின் மேல் பவுடர் தூவினால் எண்ணெய் இறங்கும் தடம் தெரியும் என்று எங்கோ படித்த நினைவு. கோலமாவு எடுத்து வந்தேன். கை வைக்கும்போதுதான் யோசனை வந்தது: அது கல் மாவு, பெல்ட்டுக்குள் போனால் அறுத்துவிடும். வீட்டுக்குள் போய் மனைவியின் முகப் பவுடர் டப்பாவைக் கேட்டேன்.

"நானே அதை வாரத்துல ஒரு நாள்தான் போட்டுக்கறேன்," என்றாள். ஆனால் கொடுத்தாள். பஞ்சையும் சேர்த்துக் கொடுத்தாள்.

முதல் முறை வீணாயிற்று. ரேடியேட்டர் விசிறி சுற்ற ஆரம்பித்ததும் பாதிப் பவுடர் என் முகத்துக்கு வந்துவிட்டது. இரண்டாம் முறை, விசிறிக் காற்று படாத பின்பக்கத்திலும் கியர் பாக்ஸ் சேரும் இடத்திலும் மட்டும் பஞ்சால் ஒற்றி ஒற்றிப் பூசினேன். பக்கத்துத் தெருக்களிலேயே மெதுவாக ஆறு சுற்று ஓட்டினேன். எஞ்சின் ஆறும் வரை காத்திருந்து, மனைவியின் கைக்கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

கியர் பாக்ஸ் சேரும் இடத்தின் அடிப்பாகம், மெக்கானிக் விரல் வைத்த இடத்துக்கும் கீழே, வெள்ளையாக உலர்ந்து கிடந்தது. சீல் போயிருந்தால் முதலில் அங்கேதான் நனைந்திருக்க வேண்டும். ஆனால் எஞ்சினின் முதுகில், டிரைவர் இருக்கைப் பக்கச் சுவரைப் பார்த்தபடி, நேரே கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பவுடருக்கு நடுவே விரல் அகலத்தில் எண்ணெய் ஊறிய ஒரு கருப்புக் கோடு மேலிருந்து கியர் பாக்ஸ் மூலையை நோக்கி இறங்கியிருந்தது. கண்ணாடியைச் சாய்த்துக்கொண்டே அந்தக் கோட்டோடு மேலே போனேன். டேப்பெட் கவருக்கு எட்டு போல்ட். ஏழு முன்னால் தெரியும். எட்டாவது பின்பக்க மூலையில், கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாது. கோடு அந்த எட்டாவது போல்ட்டின் அடியிலிருந்து தொடங்கியது. அங்கே பேக்கிங் மூடிக்கு வெளியே நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தது.

நான் அங்கேயே, எஞ்சினின் மேல் கையை ஊன்றியபடி நின்றேன். மகிழ்ச்சி இல்லை, கோபம்தான் வந்தது. ஒரு வாரமாக என் காரைக் கிழட்டு வண்டி என்றார்கள். என்னைப் பெங்களூருக்கு மூட்டை கட்டத் தயாரானார்கள். கிழடு தட்டியது எதுவும் கசியவில்லை. ஆடி மாதத்தில் போட்ட புதுச் சாமான்தான் கசிந்தது.

செயலாளர் ஷிப்ட் முடிந்து வந்ததும் கூப்பிட்டு, கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். அவர் முதலில் கருப்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மேலே கொண்டுபோனார்.

"பிதுங்கி கீது," என்றார்.

"எப்படிப் பிதுங்கும் தம்பி?"

"பேக்கிங் குவாலிட்டி சரியில்ல சார்."

இதை என்னால் விட முடியவில்லை. முப்பத்தொரு வருடம் பேக்கிங்கை எண்ணிக் கொடுத்தவனிடம் பேக்கிங்கைக் குறை சொல்கிறார். அந்தப் பேக்கிங்கை வாங்கும்போது விரலால் மடித்துப் பார்த்து, நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கினேன் என்றேன். பிறகு ஒரு ஸ்பானரை அவரிடம் நீட்டி, அன்றைக்கு எப்படி முடுக்கினீர்களோ, அப்படியே காற்றில் முடுக்கிக் காட்டுங்கள் என்றேன். அவர் ஸ்பானரின் கடைசி நுனியைப் பிடித்து, தோளிலிருந்து ஒரு இழு இழுத்தார். கை நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

"லைன்ல எப்ப நிறுத்துவீங்க?"

"நான் எங்க சார் நிறுத்தறேன். போல்ட் முடுக்கற கன்தான் நிக்கும். அளவு வந்துட்டா அதுவே கட் ஆயிடும், பச்சை லைட்டு எரியும். அடுத்த போல்ட்டுக்குப் போவேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே கேட்டுவிட்டது. கையில் இருந்த ஸ்பானரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் லைட் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்போல் இருந்தது. பன்னிரண்டு வருடமாக ஒரே மூடியைப் பூட்டிய கை. எப்போது போதும் என்று அந்தக் கையை யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை. என் காரில் பச்சை லைட் எரியாததால் அவர் நிறுத்தவே இல்லை.

"நாளைக்கு நானே மாத்திக் குடுத்துடறேன் சார்," என்றார்.

"வேணாம் தம்பி. ஸ்பானர் என் கையில இருக்கட்டும். கண்ணாடி உங்க கையில இருக்கட்டும்."

அத்தோடு இன்னொன்றும் சொன்னேன். வண்டியைக் கொடுத்துவிடச் சொன்னது எத்தனை பேர் காதில் விழுந்ததோ, இதுவும் அத்தனை பேர் காதிலும் விழ வேண்டும். அவர் தலையைச் சொறிந்தார். என் மனைவி பிறகு என்னைக் கடிந்துகொண்டாள். உதவி செய்ய வந்த பிள்ளையை இப்படியா என்றாள். உதவி வேறு, தீர்ப்பு வேறு. ஆடியில் செய்த உதவிக்கு நன்றி சொன்னேன், காப்பியும் கொடுத்தேன். புரட்டாசியில் கொடுத்த தீர்ப்புக்கு எதற்காக நான் தலை குனிய வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தேன். ஆடியில் போட்ட பேக்கிங்கைக் கழற்றியபோது எட்டாவது போல்ட் பக்கம் இரண்டாகக் கிழிந்திருந்தது. ஓரங்களைத் துடைத்து, முந்தின நாள் வாங்கி வந்த புதியதை உட்கார வைத்து, எட்டு போல்ட்டையும் முதலில் வெறும் விரலால் திருகினேன். பிறகு ஸ்பானரை எடுத்து, வாலைப் பிடிக்காமல் கழுத்தருகே இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன். அப்படிப் பிடித்தால் ஒரு அளவுக்கு மேல் பலமே கிடைக்காது. நடுவிலிருந்து ஆரம்பித்து எதிரும் புதிருமாக, ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று, மறுபடி கால் சுற்று. செயலாளர் கண்ணாடியைப் பிடித்திருந்தார். எட்டாவது போல்ட்டுக்கு வந்தபோது அவர் தோள் தானாக ஒரு இழுப்பு இழுத்ததைப் பார்த்தேன்.

"போதுமா சார், இன்னும் கொஞ்சம்?"

"போதும்."

இருக்கைக்காரரும் பெயின்ட்காரரும் பால் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் நின்றார்கள். திருநெல்வேலிப் பையனும் இறங்கி வந்தான். செயலாளர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என் கைதாம்பா," என்றார். "டைட்டா வச்சிட்டேன். வண்டி மேல ஒண்ணும் இல்ல." அவ்வளவுதான் சொன்னார். அது போதும். பையன் மட்டும், "நான்தான் அன்னைக்கே சொன்னேன்லா, கியர் பாக்ஸ்ல ஒண்ணும் இல்லன்னு," என்றான்.

பிரச்சினை அதோடு தீரவில்லை. கறை பட்ட இரண்டு டைல்ஸை மாற்ற வேண்டும், அது வரைக்கும் காரை வேறிடத்தில் நிறுத்துங்கள் என்று பெயின்ட்காரர் ஆரம்பித்தார். நான் நகர்த்த மாட்டேன் என்றேன். வண்டி நிறுத்தத்தான் தரை. தரைக்குக் கறை படும். வேண்டுமானால் என் காரின் முன் சக்கரம் அந்த டைல்ஸ் மேலேயே நிற்கும், யார் கண்ணுக்கும் படாது. அப்படியே நிறுத்தினேன். இன்றைக்கும் அப்படித்தான் நிறுத்துகிறேன். அட்டையையும் எடுக்கவில்லை. பேக்கிங் மாற்றிய மறுநாள் காலையில் அட்டையில் புதிதாக இரண்டு சொட்டு இருந்தது. என் உயிரே போய்விட்டது. பழைய எண்ணெய், எங்கோ தங்கியிருந்தது இறங்கியிருக்கிறது. அடுத்த நாள் ஒன்று. அதன் பிறகு அட்டையை மறுபுறம் திருப்பிப் போட்டேன். அதற்கடுத்த நாள் எதுவும் இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மகன் வந்தான். பையை மாடியில் வைப்பதற்கு முன்பே காரிடம் போனான். அட்டையை இழுத்துப் பார்த்தான். நம்பிக்கை வரவில்லை. நான் வருகிறேன் என்று அட்டையை மாற்றி வைத்தீர்களா என்று கேட்டான். பெற்ற அப்பனைச் சந்தேகப்படுகிறாயே என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் நானாக இருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். போய்ப் படுத்துப் பார் என்றேன்.

அவன் நல்ல சட்டையோடு டைல்ஸில் மல்லாந்து படுத்து, போன் வெளிச்சத்தைப் பிடித்து, கையை உள்ளே விட்டான். கியர் பாக்ஸ் சேரும் இடத்தைத்தான் தடவுகிறான் என்பது எனக்குத் தெரிந்தது. மெக்கானிக் சொன்ன இடத்தை அவன் மறக்கவில்லை. என் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி வந்து நின்றாள். அவன் எழுந்து விரலை வெளிச்சத்தில் பார்த்தான். எண்ணெய் இல்லை. விரல் நுனியில் வெள்ளை ஒட்டியிருந்தது.

"என்னப்பா இது, பவுடரா?"

"என்னுது," என்றாள் என் மனைவி. "டப்பா முழுக்கத் தீத்துட்டார்."

அவன் கையைத் தட்டிக்கொண்டே, சரி, இந்த வருஷம் இங்கேயே இருங்கள் என்றான்.

"வருஷத்தை நீ எண்ண வேண்டாம்," என்றேன். "எண்ண நான் இருக்கேன். முன்னாடி கதவைத் திற, அம்மா ஏறட்டும். கோவில் நடை சாத்தறதுக்குள்ள போகணும்."

அவன் சாவிக்குக் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. அவன் பின் இருக்கையில் உட்கார்ந்தான். வல்லக்கோட்டை வரை நான்தான் ஓட்டினேன்.